தேசத்துக்கு ஒரு லீவு லெட்டர்

1992 ஆகஸ்ட் 8, பார்சிலோனா. ஒலிம்பிக் கூடைப்பந்தில் தங்கம் வென்ற அமெரிக்க அணி மேடையில் நிற்கிறது. மைக்கேல் ஜோர்டானின் தோளில் அமெரிக்கக் கொடி. கல்யாண வீட்டில் தாய்மாமன் அங்கவஸ்திரம் போட்டுக்கொண்ட மாதிரி வழிந்து தொங்குகிறது. சார்லஸ் பார்க்லி தோளிலும் கொடி, மேஜிக் ஜான்சன் தோளிலும் கொடி. டி.வி.யில் பார்த்த பாமரன் என்ன நினைத்திருப்பான்? கோடி கோடியாய்ச் சம்பாதித்தாலும் நாட்டுப்பற்று விடவில்லை பாருங்கள் என்று கண்ணைத் துடைத்திருப்பான்.

அந்தக் கண்ணீரை அவனுக்கே திருப்பிக் கொடுத்துவிடலாம். பதக்க மேடையில் போட வேண்டிய சட்டைக்கு அமெரிக்க ஒலிம்பிக் கமிட்டி ரீபாக் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டிருந்தது. நெஞ்சில் ரீபாக் முத்திரை. ஜோர்டானோ நைக்கியின் ஆள், பார்க்லியும் அப்படியே. எதிர்க்கடை முத்திரையை நெஞ்சில் சுமந்து உலகத்துக்கே போஸ் கொடுத்துவிட்டு முதலாளி முகத்தில் எப்படி விழிப்பது? மறைக்க ஒரு துணி வேண்டும். அகலமான துணி. ஏன் போர்த்தினாய் என்று எவனும் வாய் திறந்து கேட்க முடியாத துணி. அப்படி ஒன்றுதான் அங்கே கைக்கெட்டியது. கொடி போர்த்தாதவர்கள் சட்டையின் கழுத்துப் பக்கத்தை விரித்து முத்திரைமேல் கவிழ்த்துக்கொண்டார்கள்.

1932-இல் திருப்பூரில் போலீஸ் தடியடியில் மண்டை உடைந்து விழுந்தபோதும் கொடியைக் கைவிடாத ஒருவரைக் கொடி காத்த குமரன் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். அவர் கொடியைக் காத்தார். பார்சிலோனாவில் கொடி கம்பெனியைக் காத்தது.

அதே மேடையில் வெண்கலத்துக்கு நின்ற லிதுவேனியாக்காரர்களைப் பாருங்கள். மதுரைச் சுங்குடி மாதிரி முடிச்சுப் போட்டுச் சாயமேற்றிய டி-ஷர்ட். மஞ்சள், பச்சை, சிவப்பு என்று அவர்கள் கொடியின் மூன்று நிறமும் ஒன்றுக்குள் ஒன்று ஓடியிருக்கும். நடுவில் ஒரு எலும்புக்கூடு பந்தைக் கூடைக்குள் அறைந்துகொண்டிருக்கும். நாடு விடுதலையாகி இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது, கஜானாவில் காசில்லை. அணியின் மார்சியுலியோனிஸ் அமெரிக்காவில் ஆடிக்கொண்டிருந்தவர். அவர் ஊர் ஊராகக் கை நீட்டினார். சான் பிரான்சிஸ்கோவின் கிரேட்ஃபுல் டெட் பாட்டுக்குழு பணமும் கொடுத்து அந்தச் சட்டையும் கொடுத்தது. நாலு வருடம் முன்னால் சியோலில் மார்சியுலியோனிஸும் சபோனிஸும் சோவியத் கொடியின் கீழ் தங்கம் வாங்கியவர்கள். பார்சிலோனாவில் அந்தப் பழைய சோவியத்தின் மிச்ச அணியை 82-78 என்று தோற்கடித்து வெண்கலம் வாங்கினார்கள். சொந்தக் கொடியின் நிறத்தை நெஞ்சில் காட்ட, பாட்டுக்காரன் கொடுத்த தானத் துணியைப் போட்டுக்கொண்டு நின்றவர்கள் சில அடி தூரத்தில். கம்பெனி விசுவாசத்தை மறைக்கக் கொடியைப் போர்த்திக்கொண்டவர்கள் நடுவில், உயரமான படியில்.

சம்பளத்துக்கு ஆடுகிறவன் ஒலிம்பிக்குக்கு வரக்கூடாது என்கிற பழைய விதியை நினைத்து நான் உருகவில்லை. அது அதைவிடப் பெரிய பொய். சோவியத் ஆட்டக்காரனுக்கு அரசாங்கம் ஏதோ ஒரு உத்தியோகத்தின் பேரில் மாசாமாசம் படியளக்கும். அவனுடைய முழுநேர வேலை பந்தைத் தட்டுவது, ஆனால் தாளில் அவன் அமெச்சூர். அமெரிக்கா கல்லூரிப் பையன்களை அனுப்பியது, 1988-இல் அவர்கள் அரையிறுதியில் சோவியத்திடம் 76-82 என்று தோற்றார்கள். 1989 ஏப்ரலில் மியூனிக்கில் கூடிய ஃபிபா என்கிற உலகக் கூடைப்பந்துச் சம்மேளனம், 56-க்கு 13 என்ற வாக்கில், அமெரிக்காவின் தொழில்முறை லீக்கான என்.பி.ஏ. ஆட்களுக்குக் கதவைத் திறந்தது. அமெரிக்கச் சங்கமே எதிர்த்துத்தான் ஓட்டுப் போட்டது என்பதை இன்று அங்கே யாரும் ஞாபகப்படுத்துவதில்லை. ஃபிபா என்ற சுருக்கப் பெயரின் கடைசி எழுத்து 'அமெச்சூர்' என்ற சொல்லுக்கானது. சொல்லைத் தூக்கிவிட்டார்கள், எழுத்தைத் தூக்கினால் போர்டு, லெட்டர்பேடு எல்லாம் மாற்ற வேண்டியிருக்கும். ஆகவே பாஸ்கெட்பால் என்பதன் முதல் இரண்டு எழுத்துதான் அது என்று புது விளக்கம் எழுதிக்கொண்டார்கள். கொள்கையை விடுவது சுலபம், லெட்டர்பேடுதான் கஷ்டம்.

கதவு திறந்ததும் பார்சிலோனாவுக்கு வந்தவர்கள் அங்கே முதல் ஆட்டத்தில் யாரை அடித்தார்கள் தெரியுமா? அங்கோலாவை. 116-48. ஒரு கட்டத்தில் அமெரிக்கா 46 புள்ளி எடுக்க, அங்கோலா எடுத்தது ஒன்றே ஒன்று. அந்த ஒன்றும் எப்படி வந்தது? பார்க்லி, அங்கோலாவின் ஒல்லிப் பையன் எர்லாண்டர் கொயிம்பிராவின் நெஞ்சில் முழங்கையால் இடித்தார். நடுவர் ஃபவுல் கொடுத்தார். ஃப்ரீ த்ரோவில் கிடைத்தது அந்தப் புள்ளி. ஆட்டம் முடிந்ததும் பார்க்லி நிருபர்களிடம், பையன் ஈட்டியை உருவிவிடுவானோ என்று பயந்தேன் என்கிற தோரணையில் ஜோக்கடித்தார். கூட்டம் சிரித்தது. அங்கோலாவைப் பற்றித் தனக்கு ஒன்றும் தெரியாது என்று அவர் முன்பே சொல்லியிருந்தார். அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். வாஷிங்டனுக்கு அங்கோலா நன்றாகவே தெரியும். அந்த நாட்டு உள்நாட்டுப் போரில் ஒரு தரப்புக்கு ஸ்டிங்கர் ஏவுகணை கொடுத்தது அதுதான். ஈட்டி எந்தப் பக்கமிருந்து வந்தது என்று பையனைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பான்.

பார்சிலோனாவில் சராசரியாக 43.8 புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தார்கள். கோச் சக் டேலி ஒரு தடவைகூட டைம் அவுட் கேட்கவில்லை. எதற்குக் கேட்பார்? எதிரணிக்காரர்கள் ஆட்டத்துக்கு முன்னாலேயே கேமராவைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

இது விருந்துக் காலம். பந்திக்கு முந்து என்று சொன்ன நம் ஆட்கள் அடுத்த பாதியையும் சொல்லித்தான் வைத்திருக்கிறார்கள்: படைக்குப் பிந்து. நான் கோபப்படுவது அந்த இரண்டாம் பாதியைப் பார்த்துத்தான்.

2003-இல் சான் ஹுவானில் நடந்த போட்டியில் ஜெயித்து அமெரிக்கா ஏதென்ஸ் ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றது. அந்தப் பன்னிரண்டு பேரில் அடுத்த வருடம் ஏதென்ஸ் போனவர்கள் மூன்றே பேர். மற்றவர்களுக்கு உடம்பு சரியில்லை, குடும்பம், களைப்பு, பாதுகாப்புப் பயம். முதல் ஆட்டத்திலேயே போர்ட்டோ ரிகோ 92-73 என்று வைத்துத் தைத்தது. அந்த அணியின் கார்லோஸ் அரோயோ கூட்டத்தைப் பார்த்துத் தன் பனியனின் நெஞ்சுப் பக்கத்தை இரண்டு கையாலும் இழுத்து விரித்துக் காட்டினார். அங்கே ஊர்ப் பெயர் மட்டும்தான் எழுதியிருந்தது. போர்ட்டோ ரிகோ 1898-லிருந்து அமெரிக்காவின் கையில் இருக்கிற தீவு. அங்கே பிறந்தவன் அமெரிக்கக் குடிமகன், ஆனால் தீவிலிருந்தபடி அமெரிக்க ஜனாதிபதி தேர்தலில் ஓட்டுப் போட முடியாது. ஓட்டு இல்லாத அந்த ஊருக்கு விளையாட்டில் மட்டும் நாடு என்ற அந்தஸ்து. இருக்கிற அந்த ஒன்றை அவன் பனியனை இழுத்துக் காட்டுகிறான். எல்லாம் இருக்கிறவனுக்குக் கோடையில் களைப்பு.

அமெரிக்கா அந்த முறை வெண்கலத்தோடு ஊர் திரும்பியது. அதை விடுங்கள். 2017-க்கு வாருங்கள்.

அந்த வருட நவம்பரிலிருந்து உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றுக்கு ஃபிபா புது ஏற்பாடு செய்தது. கால்பந்தில் நடக்கிற மாதிரி சொந்த ஊரில் ஒன்று, எதிரி ஊரில் ஒன்று. நவம்பரில் கொஞ்சம், பிப்ரவரியில் கொஞ்சம் என்று பிரித்துப் பிரித்து வைத்தார்கள். இந்த இடைவெளிகளுக்கு 'விண்டோ' என்று பேர். நவம்பரும் பிப்ரவரியும் என்.பி.ஏ. சீசன் மும்முரமாக நடக்கிற மாதங்கள். ஆளை அனுப்ப முடியாது என்றது என்.பி.ஏ. எங்களாலும் முடியாது என்றது ஐரோப்பாவின் யூரோலீக். உலகத்தின் நல்ல ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் இந்த இரண்டு வீட்டில்தான் குடியிருக்கிறார்கள். ஆக ஜன்னல் திறந்திருக்கிறது, எட்டிப் பார்க்க வீட்டில் ஆளில்லை.

அப்புறம் தேசத்துக்காக யார் ஆடினார்கள்? ஜி லீக் பையன்கள். என்.பி.ஏ.வின் திண்ணை என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இடம் கிடைக்குமா என்று வாசலில் உட்கார்ந்திருப்பவர்கள். 2018-19 சீசனில் அங்கே அடிப்படைச் சம்பளம் 35,000 டாலர். அதே சீசனில் ஸ்டெஃபன் கறியின் சம்பளம் 3 கோடியே 70 லட்சம் டாலருக்கு மேல். ஆயிரம் மடங்கு வித்தியாசம் என்று வாத்தியார் கரும்பலகையில் போட்டால்கூடப் பையன்கள் நம்ப மாட்டார்கள். அந்த முப்பத்தைந்தாயிரம் டாலர்க்காரர்கள்தான் தேசத்தின் சட்டையைப் போட்டுக்கொண்டு கண்டம் முழுக்க விமானம் ஏறி இறங்கினார்கள். கோச் ஜெஃப் வான் கண்டி அவர்களை வைத்துக்கொண்டு பன்னிரண்டு ஆட்டத்தில் பத்தை ஜெயித்துக் கொடுத்தார். அமெரிக்கா சீனாவில் நடந்த 2019 உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றது.

சீனாவுக்குப் போன பன்னிரண்டு பேர் பட்டியலில் இந்தப் பையன்களில் எத்தனை பேர்? ஒருத்தன்கூட இல்லை.

எனக்கு இதில் கொஞ்சம் சொந்தச் சூடும் உண்டு. நான் ஒன்றும் பெரிய ஆட்டக்காரன் இல்லை. ரிங்கைத் தொட எனக்கு ஸ்டூல் வேண்டும். ஆனாலும் பதினோராம் வகுப்பில் எங்கள் பள்ளி அணியில் ஏழாம் நம்பர் நான்தான். மே மாத வெயிலில் சிமெண்ட் கோர்ட்டில் கால் பொத்துப் போய் வட்ட அளவில் ஜெயித்தோம். மாவட்டப் போட்டிக்கு முதல் நாள், பெரிய ஊரில் படிக்கிற ஒரு பையன் வந்து இறங்கினான். நிர்வாகத்தில் யாருக்கோ சொந்தம். பி.டி. மாஸ்டர் என்னைக் கூப்பிட்டுத் தோளில் கை போட்டு, "தம்பி, ஸ்கூல் மானம்டா" என்றார். ஜெர்சியைக் கழற்றிக் கொடுத்தேன். வேர்வை காயவில்லை. மறுநாள் அந்த ஏழாம் நம்பர் கோர்ட்டில் ஓடிக்கொண்டிருந்தது, நான் ஓரத்தில் தண்ணீர்ப் பாட்டிலோடு நின்றேன். பள்ளி மானம் என் முதுகிலிருந்து அவன் முதுகுக்கு மாறியதை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். இந்த வகை மானத்துக்குச் சொந்த முதுகு கிடையாது.

ஜி லீக் பையன்களின் ஜெர்சியைப் போட்டுக்கொள்ளப் பெரிய இடத்துப் பிள்ளைகளாவது ஓடி வந்தார்களா என்றால் அதுவும் இல்லை. ஜேம்ஸ் ஹார்டன் வரவில்லை. ஆன்டனி டேவிஸ் வரவில்லை. டேமியன் லில்லார்ட், பிராட்லி பீல், மெக்கொல்லம், கெவின் லவ் யாரும் வரவில்லை. வரிசையாக லீவு லெட்டர். ஒருவருக்குக் கார்ட்டூன் முயலோடு படத்தில் நடிக்கும் வேலை இருந்ததாகச் செய்தி வந்தது. இதை நான் கற்பனை செய்யவில்லை, என் கற்பனை அவ்வளவு தூரம் ஓடாது. கடிதங்களை நான் படித்ததில்லை. நம் பள்ளிக்கூட முறைப்படி எழுதியிருந்தால் இப்படி இருந்திருக்கும்:

அனுப்புநர்: நட்சத்திரம், என்.பி.ஏ.

பெறுநர்: உயர்திரு தேசம் அவர்கள்.

ஐயா, வணக்கம். வரும் சீசனுக்காக என் உடம்பைத் தேற்ற வேண்டியிருப்பதாலும், சென்ற சீசன் என் உடம்பை வாட்டிவிட்டதாலும், நடுவில் இருக்கும் இரண்டு மாதத்தில் காலணி விற்க ஆசிய நாடுகளுக்குச் சுற்றுப்பயணம் போக வேண்டியிருப்பதாலும், உலகக் கோப்பைக்கு வர இயலவில்லை என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். தங்கள்மீது எனக்குள்ள பற்றில் குறைவொன்றும் இல்லை. அதை அடுத்த ஒலிம்பிக்குக்காகக் கற்பூரம் போட்டு மடித்துப் பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கிறேன். உலகக் கோப்பையை எங்கள் ஊரில் யாரும் டி.வி.யில் பார்ப்பதில்லை என்பதை ஏஜென்ட் நினைவூட்டினார். அந்தக் காரணத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை.

இப்படிக்கு, தங்கள் கீழ்ப்படிதலுள்ள குடிமகன்.

சீனாவில் அமெரிக்கா பிரான்சிடம் தோற்றது, செர்பியாவிடம் தோற்றது, ஏழாம் இடத்தில் முடித்தது. அதற்குமுன் அவ்வளவு கீழே போனதில்லை. குற்றம் யார் தலையில் விழுந்தது? போனவர்கள் தலையில். போகாதவர்கள் வீட்டு சோபாவில் உட்கார்ந்து விமர்சனம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். 2023 கோப்பைக்கும் இதே கதைதான். தகுதிச் சுற்றில் முதுகு ஒடிந்தவர்கள் ஒரு கூட்டம், மணிலாவுக்குப் பெட்டி கட்டியவர்கள் வேறு கூட்டம்.

அந்த மணிலாக் கதையில் ஒரு காமெடி டிராக்கும் உண்டு. 2023 ஆகஸ்டில் புடாபெஸ்ட் உலகத் தடகளப் போட்டியில் மூன்று தங்கம் வாங்கிய நோவா லைல்ஸ், என்.பி.ஏ.வில் ஜெயித்தவர்கள் தங்களை உலகச் சாம்பியன் என்று அழைத்துக்கொள்கிறார்களே, எந்த உலகத்துக்குச் சாம்பியன், அமெரிக்காவுக்கா என்று கேட்டுவிட்டார். நியாயமான கேள்வி. எங்கள் தெரு டீக்கடைப் பையன்கூடக் கேட்பான். முப்பது அணிகள், அதில் இருபத்தொன்பது அமெரிக்காவில், ஒன்று டொராண்டோவில். இதற்கு ஏன் உலகம்? கெவின் டுரான்ட் தொடங்கி ஆளாளுக்கு அந்த ஓட்டக்காரனை இணையத்தில் எள்ளி நகையாடினார்கள். இரண்டு வாரம் முடியவில்லை. அரையிறுதியில் ஜெர்மனி 113-111 என்று ஜெயித்தது. வெண்கலத்துக்கான ஆட்டத்தில் கனடா 127-118 என்று ஜெயித்தது. உலகச் சாம்பியன்களுக்கு உலகக் கோப்பையில் நாலாம் இடம். கோப்பையை வாங்கிக்கொண்டு போன ஜெர்மன்காரர்களை அவர்கள் ஊரில் சாம்பியன் என்று மட்டும் சொன்னால்கூடப் போதும், உலகம் என்பது தானாக வந்து ஒட்டிக்கொள்ளும்.

அப்புறம் பெட்டி திறந்தது. கற்பூர வாசனையோடு லெப்ரான் ஜேம்ஸ் வந்தார், கறி வந்தார், டுரான்ட்டே வந்தார். 2024 பாரிஸில் செர்பியாவிடம் அரையிறுதியில் தப்பிப் பிழைத்து, இறுதியில் பிரான்சை 98-87 என்று வென்றார்கள். நன்றாகத்தான் ஆடினார்கள், கறி கடைசி நிமிடங்களில் போட்ட பந்துகளை நானும் வாய் பிளந்து பார்த்தேன். இல்லையென்று சொன்னால் வாய் வெந்துபோகும்.

கூலி கேட்கிற ஆட்டக்காரன்மீது எனக்குக் கோபமில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2012-இல் என்.பி.ஏ. ஆட்டக்காரர் டுவெய்ன் வேட், ஒலிம்பிக்கில் ஆடுகிறவனுக்குச் சம்பளம் கொடுத்தால் என்ன, எங்கள் பேர் போட்ட பனியன் விற்கிறீர்களே என்றார். இந்த முழுக் கதையிலும் நேர்மையாகப் பேசிய ஒரே வாக்கியம் அதுதான். தேசத் துரோகி என்கிற அளவுக்கு எகிறினார்கள், மறுநாளே மனிதர் பின்வாங்கினார். ஆனால் 2014-இல் அமெரிக்க அணியின் பயிற்சி ஆட்டத்தில் பால் ஜார்ஜின் கால் இரண்டாக முறிந்தபோது, டல்லாஸ் அணி முதலாளி மார்க் கியூபன், எங்கள் சொத்தை ஓசியில் எடுத்துக்கொண்டு போய் ஒலிம்பிக் கமிட்டி காசு பார்க்கிறது என்றார். அதை எல்லோரும் வியாபார நுணுக்கம் என்று தலையாட்டிக் கேட்டார்கள். உடம்புக்குச் சொந்தக்காரன் விலை கேட்டால் துரோகம், உடம்பை வாடகைக்கு வைத்திருப்பவன் கேட்டால் நிர்வாகவியல்.

இதெல்லாம் ஆண்கள் கதை. பெண்கள் கதைக்கு வந்தால் என் எழுத்தில் நையாண்டி கொஞ்சம் தடுக்கும்.

அமெரிக்கப் பெண்கள் அணி 1996-லிருந்து 2024 வரை தொடர்ந்து எட்டு ஒலிம்பிக் தங்கம் வாங்கியது. நடுவில் ஒரு ஆட்டம்கூடத் தோற்கவில்லை. இவர்களுக்காவது தேசம் வாரி வழங்கியதா? டயானா டவ்ராசி என்கிற மகா ஆட்டக்காரி 2015-இல் அமெரிக்க லீக்கில் ஆடவே இல்லை. ரஷ்யாவின் எகாடரின்பர்க் அணி, கோடையில் ஆடாமல் ஓய்வெடுத்துக்கொண்டு குளிர்காலத்துக்கு எங்களிடம் வா என்று பணம் கொடுத்தது. வீட்டில் சும்மா இருப்பதற்கு அந்நிய நாட்டுக்காரன் கொடுத்த காசு, சொந்த ஊரில் ஓடியாடி வாங்குகிற வருடச் சம்பளத்தைவிட அதிகம். பெக்கி ஹேமன் என்கிற இன்னொரு ஆட்டக்காரியை அமெரிக்க ஒலிம்பிக் அணிக்குக் கூப்பிடவே இல்லை. 2008-இல் அவர் ரஷ்யக் குடியுரிமை வாங்கி ரஷ்யாவுக்கு ஆடியபோது, அமெரிக்க கோச் ஆன் டோனவன் அவருக்கு நாட்டுப்பற்று இல்லை என்றார். கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்காதவர், பக்கத்து வீட்டில் சாப்பிட்டவளைப் பார்த்துச் சோற்றுக்கு அலைகிறாள் என்று சொன்ன மாதிரி.

பிரிட்னி கிரைனர். 2016-இல் தங்கம், டோக்கியோவில் மறுபடி தங்கம். 2022-இல் பெண்கள் லீக்கின் உச்சவரம்புச் சம்பளம் 2,28,094 டாலர். அதே எகாடரின்பர்க் அணிக்கு ஆட ரஷ்யா போனார். அந்த வருடம் பிப்ரவரி 17-ஆம் தேதி மாஸ்கோ ஷெரமெத்யெவோ விமான நிலையத்தில் பெட்டியில் கஞ்சா எண்ணெய் கொஞ்சம் இருந்ததென்று பிடித்தார்கள். ஒரு வாரத்தில் உக்ரைன் போர். ஆறடி ஒன்பது அங்குலப் பெண்ணை நீதிமன்றக் கூண்டுக்குள் நிறுத்திய படம் உலகம் முழுக்கச் சுற்றியது. ஒரு விசாரணை நாளில் அவர் கம்பிக்கு உள்ளிருந்து ஒரு புகைப்படத்தைத் தூக்கிக் காட்டினார். சிகாகோவில் நட்சத்திர ஆட்டத்தில் அவருடைய தோழிகள் எல்லோரும் அவருடைய 42-ஆம் நம்பர் ஜெர்சியைப் போட்டுக்கொண்டு நின்ற படம். ஒன்பது வருடத் தண்டனை. டிசம்பர் 8-ஆம் தேதி விக்டர் பூட் என்கிற ஆயுத வியாபாரியைக் கொடுத்து அவரை மீட்டுக்கொண்டு வந்தார்கள். உடனே ஊரில் ஒரு பகுதிக்கு ஆத்திரம்: இவளுக்காக அவனை விடலாமா? ஏன் ரஷ்யா போனாள்? ஏன் போனாள் என்ற கேள்விக்குப் பதில் அவருடைய சம்பளச் சீட்டில் இருந்தது. அதை யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. ஆண்கள் கோடையில் காலணி விற்கப் பெய்ஜிங் போனால் அது பிராண்டு, பெண்கள் குளிர்காலத்தில் சம்பளத்துக்கு உரால் மலைப் பக்கம் போனால் அது பேராசை.

இனி பாஸ்போர்ட் கடை. என்.பி.ஏ. நட்சத்திரம் ஜோயல் எம்பீட் கேமரூனின் யவுண்டேயில் பிறந்தவர். 2022 ஜூலையில் பிரான்ஸ் குடியுரிமை கொடுத்தது, எங்களுக்கு ஆடுவார் என்ற நப்பாசையில். செப்டம்பரில் அமெரிக்கக் குடியுரிமையும் வந்தது. மூன்று பாஸ்போர்ட்டையும் மேஜையில் சீட்டுக்கட்டு மாதிரி விரித்துவைத்து, ஒரு வருடம் யோசித்து, அமெரிக்காவை எடுத்தார். பிரெஞ்சு ரசிகர்கள் ஒலிம்பிக்கில் அவர் பந்தைத் தொடும்போதெல்லாம் ஊளையிட்டார்கள். எம்பீட்மீது எனக்கு வருத்தமில்லை, கிடைப்பவன் எடுத்துக்கொள்வான். அதே யவுண்டேயில் விசா வரிசையில் ஆறடிக்குக் கீழே உயரமுள்ள எத்தனையோ பேர் வங்கிக் கணக்கு விவரம், சொத்துப் பத்திரம், திரும்பி வருவேன் என்ற சத்தியம் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு நிற்கிறார்கள். அவர்களுக்கு எந்த நாடும் இரண்டு மாதத்துக்கு ஒரு பாஸ்போர்ட் நீட்டியதாகத் தெரியவில்லை.

தெற்கு சூடான் 2011-இல் பிறந்த நாடு. உள்ளரங்கக் கூடைப்பந்துக் கோர்ட் ஒன்றுகூட அங்கே இல்லாமலே அந்த நாட்டு அணி பாரிஸ் ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றது. அகதியாக ஓடி, என்.பி.ஏ.வில் ஆடிச் சம்பாதித்த லுவோல் டெங் சங்கத் தலைவராகித் தன் கைக்காசைப் போட்டு அணியைக் கட்டினார். ஆட்டக்காரர்களில் பலர் அகதிக் குடும்பத்துப் பிள்ளைகள், உகாண்டாவிலும் கென்யாவிலும் ஆஸ்திரேலியாவிலும் சிதறி வளர்ந்தவர்கள். 2024 ஜூலை 20, லண்டனில் ஒலிம்பிக்குக்கு முந்தைய ஆட்டம். பந்தயக்காரர்கள் அமெரிக்கா நாற்பத்து மூன்று புள்ளிக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயிக்கும் என்று கட்டினார்கள். எட்டு நொடி பாக்கியிருக்கும்போது லெப்ரான் பந்தைப் போட்டதால் ஒரே ஒரு புள்ளியில் அமெரிக்கா தப்பியது. 101-100. பெட்டியில் கற்பூரம் போட்டு வைத்த பற்றுக்கும், வைத்துக்கொள்ளப் பெட்டியே இல்லாதவனின் பற்றுக்கும் அன்றைக்கு இருந்த வித்தியாசம் அந்த ஒரு புள்ளி.

ஒலிம்பிக்கில் போர்ட்டோ ரிகோவோடு அவர்கள் ஆட வந்தபோது அரங்கில் தேசிய கீதம் போட்டார்கள். சூடானின் கீதம். எந்த நாட்டோடு தலைமுறை தலைமுறையாகப் போரிட்டுப் பிரிந்து வந்தார்களோ, அந்த நாட்டின் கீதம். பையன்கள் திகைத்து நின்றார்கள். பாட்டைப் பாதியில் நிறுத்தி, கொஞ்ச நேரம் கழித்துச் சரியானதைத் தேடிப் போட்டார்கள். நெஞ்சில் கை வைத்து நின்று கேட்டுவிட்டு, ஆடப் போய், 90-79 என்று ஜெயித்தார்கள்.

அந்த அணியின் கடைக்குட்டி கமன் மாலுவாச். பதினேழு வயது, ஏழடி இரண்டு அங்குலம். பெற்றோர் போருக்குப் பயந்து ஓடியதால் உகாண்டாவில் அகதியாக வளர்ந்தவன். பாரிஸ் முடிந்து அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தான். 2025 ஏப்ரல் 5-ஆம் தேதி, அமெரிக்க வெளியுறவு அமைச்சர் மார்கோ ரூபியோ, தெற்கு சூடான் பாஸ்போர்ட் வைத்திருக்கும் அத்தனை பேரின் விசாவும் ரத்து என்று அறிவித்தார். அமெரிக்கா நாடு கடத்தி அனுப்பிய ஒரு ஆளை, இவன் எங்கள் ஊர்க்காரன் இல்லை, காங்கோக்காரன் என்று தெற்கு சூடான் தலைநகர் ஜூபா திருப்பி அனுப்பியதுதான் தகராறு. ஒரு ஆள் யாருடையவன் என்ற சண்டையில், தெற்கு சூடானிலிருந்து விசா வாங்கி வந்தவர்கள் அத்தனை பேரும் யாருக்கும் வேண்டாதவர்கள் ஆனார்கள்.

அறிவிப்பு வந்த அதே சனிக்கிழமை இரவு, சான் அன்டோனியோவில் கல்லூரிகளுக்கான தேசிய அரையிறுதி. டியூக்குக்காகக் கமன் மாலுவாச் கோர்ட்டில் இறங்கினான். ஆட்டத்துக்கு முன்னால் தேசிய கீதம் பாடினார்கள். அமெரிக்க கீதம்தான். இந்த முறை பாட்டு மாறிப் போகவில்லை.